இடைவெளி ஒரு விபத்து அல்ல

ரொறன்ரோவின் மல்வேர்னில் கார் இல்லாமல் குடும்பம் நடத்துவது கடினம். 1985இல் திறந்த ஸ்காபரோ ரயில் பாதையை மல்வேர்ன் வரை நீட்டும் திட்டம் பல தடவை பேசப்பட்டும் நிறைவேறவில்லை. இருந்த பாதையும் 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்டதோடு நிரந்தரமாக மூடப்பட்டது. வயதான பெற்றோரைப் பார்க்க யாழ்ப்பாணத்திலோ, வேலைக்காக லண்டனிலோ சில ஆண்டுகள் இருந்துவிட்டு இங்கே திரும்புகிறவர், காரின் விலையைவிடக் காப்புறுதிக் கட்டணத்தைக் கேட்டுத்தான் திகைக்கிறார். பல ஆண்டுகள் விபத்தில்லாமல் ஓட்டியவரையும் நேற்று ஓட்டப் பழகியவரையும் பல நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே தட்டில் வைக்கின்றன. இது அநீதி, திருத்தக்கூடிய அநீதியும்கூட.

ஒன்ராறியோவில் வாகனக் காப்புறுதியைத் தனியார் நிறுவனங்களே விற்கின்றன. வசிக்கும் பகுதி, அனுமதிப்பத்திரம் எடுத்த காலம், விபத்துகள், அபராதச் சீட்டுகள் ஆகியவற்றோடு, காப்புறுதி இடைவிடாமல் இருந்ததா என்பதையும் அவை பார்க்கின்றன. வெளிநாட்டில் கழித்த காலம் இந்தக் கணக்கில் வெற்றிடமாகிவிடுகிறது. ஆனால் காப்புறுதி வாங்காமல் இருக்கவும் முடியாது: காப்புறுதி இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால், முதல் தடவையே 5,000 முதல் 25,000 டொலர் வரை தண்டம். சட்டமே வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் பொருளின் விலை நியாயமாக இருக்கவேண்டும் என்று கேட்பது சலுகை கோருவதாகாது. அதிலும், விபத்துகள் குறைந்த மாகாணமாக இருந்தும் நாட்டிலேயே மிக உயர்ந்த கட்டணம் ஒன்ராறியோவில்தான் என்று மாகாண அரசுக்காக டேவிட் மார்ஷல் தயாரித்த அறிக்கை 2017இலேயே சுட்டிக்காட்டியது.

வெளிநாட்டுச் சான்றுகளை நம்புவது எப்படி என்று நிறுவனங்கள் கேட்கலாம். கேள்வி பொருத்தமானதுதான். ஆனால் பிரித்தானிய அனுமதிப்பத்திரத்தோடு போதிய அனுபவமும் உள்ளவருக்கு ஓட்டுநர் தேர்வு இல்லாமலேயே ஒன்ராறியோ தன் அனுமதிப்பத்திரத்தை மாற்றிக் கொடுக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் அரசுக் காப்புறுதிக் கழகம், உரிய சான்று இருந்தால் பிற நாட்டு அனுபவத்தையும் கணக்கில் சேர்க்கிறது. அரசுகளால் சரிபார்க்க முடிந்ததை நிறுவனங்களாலும் சரிபார்க்க முடியும். நெடுநாள் ஓட்டாதவரின் கை பழக்கம் தப்பியிருக்கும் என்பது அடுத்த வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. அதற்காகச் சில மாதங்களுக்குக் கட்டணம் சற்றுக் கூடினால் ஏற்கலாம். போவதற்கு முன் ஒன்ராறியோவிலேயே ஓட்டிய ஆண்டுகளையும் இல்லாததாக்குவதை ஏற்க முடியாது. அந்த ஆண்டுகளுக்கான பதிவு இங்கேயே இருக்கிறது.

விதி மாறும்வரை, தன் பதிவைத் தானே காத்துக்கொள்வதுதான் வழி. கார் வீட்டில் நிற்கப்போகிறதென்றால், ஒப்பந்தத்தை முறிக்காமல் பாதுகாப்பின் ஒரு பகுதியை மட்டும் நிறுத்திவைக்கும் 'ஓபிசிஎஃப் 16' என்ற இணைப்புப் பத்திரம் கிடைக்குமா என்று புறப்படும் முன்பே முகவரிடம் கேட்கவேண்டும். பழைய நிறுவனத்திடமும் வெளிநாட்டு நிறுவனத்திடமும், காப்புறுதி இருந்த காலத்தையும் இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் குறிப்பிடும் அனுபவக் கடிதம் வாங்கிவைக்கவேண்டும். அனுமதிப்பத்திரம் மூன்று ஆண்டுகளுக்குமேல் காலாவதியாகிக் கிடந்தால் தேர்வுகளை மறுபடி எதிர்கொள்ள நேரும்; அதையும் கவனிக்கவேண்டும். திரும்பியபின் ஒரு நிறுவனம் சொல்லும் விலையோடு நின்றுவிடக் கூடாது. இடைவெளியை ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு விதமாகக் கணிப்பதால், பல நிறுவனங்களோடு வேலை செய்யும் தரகரிடம் விசாரிப்பதில் பலன் உண்டு. அவர் பதிவுபெற்றவர்தானா என்று பார்த்துக்கொள்வது அவசியம். குளிர்காலச் சக்கரங்களுக்கான தள்ளுபடியை 2016 முதல் எல்லா நிறுவனங்களும் கொடுத்தாகவேண்டும். அதையும் கேட்டுப் பெறலாம்.

கட்டணம் குறைவான ஊரில் இருக்கும் உறவினரின் முகவரியைக் கொடுக்கச் சிலர் ஆலோசனை சொல்வார்கள். அது பொய்த் தகவல். விபத்து நடந்த நாளில் இழப்பீடே மறுக்கப்படலாம். நேர்மையாக நடப்பவருக்கு இந்த ஆசையே எழாதபடி செய்யும் பொறுப்பு, கட்டணங்களுக்கு அனுமதி கொடுக்கும் ஒன்ராறியோ நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையத்தினுடையது. சரிபார்க்கத்தக்க ஓட்டுநர் அனுபவம் எந்த நாட்டினதாயினும் கணக்கில் சேரவேண்டும், இடைவெளி மட்டுமே ஒருவரைப் புதியவராக்கக் கூடாது என்று ஆணையம் விதி செய்யவேண்டும். தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் மல்வேர்ன் மக்கள் இதை உரத்துக் கேட்கவேண்டும்.