கிளாட்னி உருவங்கள்

கிளாட்னி உருவங்கள் என்பவை அதிரும் தகடு அல்லது சவ்வின் மீது தூவப்பட்ட தூள் ஒதுங்கி உருவாக்கும் கோலங்கள் ஆகும். ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் கிளாட்னி இவற்றை 1787 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அவர் மணல் தூவிய தகட்டின் விளிம்பை வயலின் வில்லால் உரசி அதிரச் செய்தார்.

செய்முறை

வில்லுக்குப் பதிலாக ஒலிபெருக்கியைக் கொண்டு இதனை வீட்டிலும் செய்யலாம். ஒலிபெருக்கியை மேல்நோக்கி வைத்து, இருபுறமும் திறந்த டப்பா ஒன்றை அதன்மேல் நிறுத்த வேண்டும். டப்பாவின் மேல்வாயில் பலூன் ரப்பரைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டி, தூள் உப்பைச் சிறிதளவு தூவ வேண்டும். கைப்பேசிச் செயலி மூலம் ஒரே அதிர்வெண் கொண்ட ஒலியை எழுப்பி, 100 ஹெர்ட்ஸ் அளவிலிருந்து மெதுவாக உயர்த்த வேண்டும். பாடல்களில் பல அதிர்வெண்கள் கலந்திருப்பதால் கோலம் நிலைப்பதில்லை.

விளக்கம்

ஒத்ததிர்வின்போது சவ்வில் நிலை அலை உண்டாகிறது. மிகுதியாக அதிரும் இடங்களிலிருந்து உப்பு துள்ளி விலகி, அசைவற்ற கணுக்கோடுகளில் தங்குகிறது. எனவே உப்புக் கோலம் காட்டுவது அதிரும் இடங்களை அன்று, அதிராத இடங்களையே. அதிர்வெண் கூடும்போது பொதுவாகக் கோலம் நுணுக்கமாகிறது.

மிக நுண்ணிய தூளோ இதற்கு மாறாக, அதிர்வு மிகுந்த இடங்களில் குவியும். அங்கு எழும் காற்றோட்டமே இதற்குக் காரணம் என மைக்கேல் பாரடே 1831 இல் விளக்கினார். ஆகையால் கோலத்தைப் படிக்கும் முன் எந்தத் தூள் பயன்பட்டது என அறிவது அவசியம்.