கெல்லிஸ் புஷ்: பதின்மூன்று பெண்கள் மீட்ட ஆற்றங்கரை
பாரமட்டா ஆறு, ஹண்டர்ஸ் ஹில், சிட்னி

இந்தச் சரிவுக்குக் கீழே, ஆற்றோரம், 1967 வரை கெல்லி குடும்பத்தாரின் வெள்ளீய உருக்காலை இயங்கியது. ஆலைக்கும் வீடுகளுக்கும் நடுவே இருந்ததால்தான் இந்தப் புதர்க்காடு வெட்டுக்குத் தப்பியது. புகை கொடுத்த ஆலையே காட்டுக்கும் காவலாக இருந்திருக்கிறது!

ஆலை போனதும் ஜென்னிங்ஸ் நிறுவனம் இங்கே குடியிருப்புகள் கட்டத் திட்டமிட்டது. 1970இல் அக்கம்பக்கத்துப் பெண்கள் பதின்மூன்று பேர் ஒன்றுகூடினார்கள். நகராட்சி தொடங்கி மாநில முதல்வர் வரை மனு கொடுத்தும் பலனில்லை. கடைசியில், வசதியான வட்டாரத்து இல்லத்தரசிகள் இடதுசாரித் தலைமையில் இருந்த கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் கதவைத் தட்டினார்கள்.

ஊர் மக்களின் ஆதரவைக் காட்டச் சொன்னது சங்கம். பொதுக்கூட்டத்துக்கு சுமார் 600 பேர் திரண்டார்கள். 1971இல் சங்கம் இங்கே வேலை செய்ய மறுத்தது. சங்கத்தில் இல்லாதவர்களை வைத்துக் கட்டுவோம் என்றது நிறுவனம். உடனே வடக்கு சிட்னியில் அதே நிறுவனத்தின் கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள், இங்கே ஒரு மரம் விழுந்தாலும் அந்தக் கட்டடம் அரைகுறையாகவே நிற்கும் என்று தீர்மானம் போட்டார்கள். உலகின் முதல் ‘பசுமைத் தடை’ இதுவே என்பர்.

1983இல் மாநில அரசு நிலத்தை வாங்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. மணற்பாறை இடுக்கில் வேர்விட்டு, முறுக்கிய கிளைகளோடு நிற்கும் வழுவழுப்பான செம்பழுப்பு மரங்கள் ஆங்கோபோரா. வேர்களை மிதிக்காமல் பாதையிலேயே நடந்தால் ஆற்றங்கரைக்கு இறங்கலாம்.