சூரை மீன், அவகேடோ சப்பாத்தி ரோல்: 15 நிமிடத்தில் செய்வது எப்படி? கவனிக்க வேண்டியவை என்ன?

பெங்களூரு: காலையில் சமைக்க நேரமில்லை; மதியம் வெளியில் வாங்கிச் சாப்பிடவும் விருப்பமில்லை. பெங்களூருவில் பணிக்குச் செல்லும் பலரது அன்றாடச் சிக்கல் இது. இதற்கு எளிய தீர்வாகப் பல வீடுகளுக்குள் நுழைந்திருப்பது, டப்பாவில் அடைத்த டூனா மீனையும் அவகேடோ பழத்தையும் கலந்து சப்பாத்தியில் சுருட்டி உண்ணும் ரோல்.

புரதம் மிகுந்த மீன், நல்ல கொழுப்பும் நார்ச்சத்தும் கொண்ட பழம், முழு கோதுமைச் சப்பாத்தி, பச்சைக் காய்கறிகள் ஆகியவை ஒரே உணவில் சேர்வதால் இது சத்தான உணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் இதில் சமையல் வேலைதான் குறைவு; தேர்வு செய்வதிலும் பாதுகாத்து வைப்பதிலும் காட்ட வேண்டிய கவனம் அதிகம். குறிப்பாக, கடலிலிருந்து வெகுதொலைவு தள்ளியிருக்கும் ஒரு நகரத்தில் சூரை மீனைக் கையாளும்போது சில அடிப்படை விதிகளை அறிந்திருப்பது அவசியம்.

டூனா என்பது புதிய மீனா?

டூனா என்ற பெயர் அயல்நாட்டு உணவை நினைவூட்டினாலும், மீன் நமக்குப் பழக்கமானதே. தமிழ்நாட்டுக் கடற்கரையில் 'சூரை' என்று அழைக்கப்படுவது இதுதான். மஞ்சள் துடுப்புடைய பெரிய வகையைக் கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் 'கேரை' என்கின்றனர். சம்பலிலும் குழம்பிலும் சேர்க்கப்படும் மாசிக் கருவாடும் சூரையை வேகவைத்து, புகையிட்டு, உலர்த்திச் செய்யப்படுவதே.

இந்தியாவில் சூரை மீன்பிடிக்குப் பெயர்பெற்ற பகுதி லட்சத்தீவு. அங்குள்ள மீனவர்கள் உயிருள்ள சிறு மீன்களை இரையாகத் தூவி, தூண்டில் கழியால் ஒவ்வொரு மீனாகப் பிடிக்கின்றனர். இப்படிப் பிடிபடுவதில் பெரும்பகுதி 'ஸ்கிப்ஜாக்' எனப்படும் வரிச்சூரை. உலக அளவில் டப்பாக்களில் அடைக்கப்படும் டூனாவிலும் இந்த வகையே முதன்மையானது.

அவகேடோ: குடகிலிருந்து வரும் 'பட்டர் ஃப்ரூட்'

பெங்களூருவாசிகளுக்கு அவகேடோ புதிய பழமன்று. நகரின் பழச்சாறு கடைகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்து அடித்துத் தரப்படும் 'பட்டர் ஃப்ரூட்' இதுவே. தமிழில் வெண்ணெய்ப் பழம் என்கிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்த இம்மரம், இன்று கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் காபித் தோட்டங்களுக்கு இடையே ஊடுபயிராக வளர்கிறது. தமிழ்நாட்டில் கீழ்ப் பழனி மலை, சேர்வராயன் மலை, நீலகிரி ஆகிய பகுதிகளிலும் விளைகிறது.

பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழ், குடகின் செட்டள்ளியில் ஒரு பரிசோதனை நிலையம் இயங்குகிறது. 'அர்கா சுப்ரீம்', 'அர்கா கூர்க் ரவி' ஆகிய அவகேடோ ரகங்கள் அங்கு உருவானவை. கொடைக்கானல் அருகே தடியன்குடிசையில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் 'டி.கே.டி. 1' என்ற ரகத்தை அளித்துள்ளது.

கடைகளில் இப்போது இருவகைப் பழங்கள் கிடைக்கின்றன. ஒன்று, தான்சானியா முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் 'ஹாஸ்' ரகம். அளவில் சிறியது, சொரசொரப்பான தோல் பழுக்கும்போது கருத்துவிடும். மற்றொன்று, அளவில் பெரிதான, வழவழப்பான தோல் கொண்ட உள்ளூர்ப் பழம். இவற்றில் பல ரகங்கள் பழுத்த பின்னும் பச்சையாகவே இருக்கும். எனவே நிறத்தை மட்டும் பார்த்துப் பழுத்துவிட்டதா என்று முடிவு செய்ய இயலாது. உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்தினால் சற்றே அமுங்க வேண்டும். அதுவே சரியான பதம்.

அவகேடோ மரத்தில் பழுப்பதில்லை. பறித்த பிறகே பழுக்கும். கெட்டியான காயை வாழைப்பழத்துடன் காகிதத்தில் சுற்றி அறை வெப்பநிலையில் வைத்தால், வாழைப்பழத்திலிருந்து வெளிப்படும் எத்திலீன் வாயு அதனை விரைவாகப் பழுக்கச் செய்யும். பழுத்தபின் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மேலும் இரண்டு, மூன்று நாள்கள் தாங்கும்.

உள்ளூர்ப் பழங்களில் பொதுவாக ஹாஸ் ரகத்தைவிட எண்ணெய்ச்சத்து குறைவு, நீர்ச்சத்து அதிகம். ஆகவே அவற்றை ரோலில் பயன்படுத்தும்போது தயிரின் அளவைக் குறைத்துக்கொள்வது நல்லது. இல்லையெனில் சப்பாத்தி ஊறிக் கிழிந்துவிடும்.

தேவையான பொருள்கள் (இருவருக்கு, நான்கு ரோல்கள்)

• டூனா டப்பா: 1 (180 முதல் 185 கிராம், தண்ணீரில் அடைக்கப்பட்டது)
• பழுத்த அவகேடோ: ஹாஸ் எனில் 1; பெரிய உள்ளூர்ப் பழம் எனில் பாதி
• முழு கோதுமைச் சப்பாத்தி: 4
• வெங்காயம்: சிறியது 1
• வெள்ளரிக்காய்: பாதி
• கேரட்: 1 (துருவியது)
• தக்காளி: 1 (விதை நீக்கியது)
• பச்சை மிளகாய்: 1
• கெட்டித் தயிர்: 2 மேசைக்கரண்டி
• எலுமிச்சைச் சாறு: 1 மேசைக்கரண்டி
• மிளகுத்தூள், கொத்தமல்லித்தழை: தேவையான அளவு

செய்முறை

1. டூனா டப்பாவைத் திறந்து, வடிகட்டியில் கொட்டி நீரை முழுவதுமாக வடிக்கவும். மீனை முள்கரண்டியால் உதிர்த்துக்கொள்ளவும்.

2. அவகேடோவை வெட்டும் முன் தோலை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவவும். தோலில் இருக்கும் கிருமிகள் கத்தி வழியாகச் சதைக்குள் செல்வதை இது தடுக்கும்.

3. பழத்தை இரண்டாகப் பிளந்து, கொட்டையை நீக்கி, சதையைக் கரண்டியால் எடுத்து உடனே எலுமிச்சைச் சாறு சேர்த்து மசிக்கவும். காற்றுப் பட்டதும் பழம் பழுப்பாக மாறுவதற்கு அதிலுள்ள நொதியே காரணம். எலுமிச்சையின் புளிப்பு அந்த மாற்றத்தைத் தாமதப்படுத்தும்.

4. மசித்த பழத்துடன் தயிர், மிளகுத்தூள், பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித்தழை ஆகியவற்றைச் சேர்த்து, இறுதியாக மீனைப் போட்டு மெல்லக் கிளறவும். டப்பா மீனில் ஏற்கெனவே உப்பு இருப்பதால், சுவை பார்த்த பின்னரே உப்புச் சேர்க்க வேண்டும்.

5. இளஞ்சூடான சப்பாத்தியின் நடுவே வெள்ளரி, கேரட், தக்காளித் துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் மீன் கலவையை வைக்கவும். காய்கறி அடியில் இருந்தால் சப்பாத்தி விரைவில் ஊறாது. கீழ்ப்பகுதியை உள்ளே மடித்து, பக்கவாட்டில் இறுகச் சுருட்டவும்.

சப்பாத்தி தயாராக இருந்தால் பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சோள ரொட்டியை விரும்புவோர் அது சூடாக இருக்கும்போதே மடிக்க வேண்டும். ஆறினால் விரிசல் விடும்.

கிடைக்கும் சத்து எவ்வளவு?

நூறு கிராம் அவகேடோவில் சுமார் 160 கலோரி, 15 கிராம் கொழுப்பு, 7 கிராம் நார்ச்சத்து உள்ளன. அக்கொழுப்பில் பெரும்பகுதி இதயத்துக்கு உகந்த ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. தண்ணீரில் அடைக்கப்பட்ட டூனாவில் நூறு கிராமுக்கு 20 முதல் 25 கிராம் வரை புரதம் உண்டு.

ஒருவர் இரண்டு ரோல்களை உண்டால், மீன், சப்பாத்தி, தயிர் ஆகியவற்றிலிருந்து ஏறத்தாழ 20 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்கு. அதன்படி 60 கிலோ எடையுள்ளவருக்குத் தேவையான சுமார் 50 கிராமில் ஐந்தில் இரண்டு பங்கு இந்த ஒரு வேளையிலேயே நிறைவேறுகிறது.

மைதாவில் செய்த ரொட்டி, மயோனைஸ், எண்ணெயில் அடைத்த மீன் ஆகியவற்றைப் பயன்படுத்தினால் கலோரி கணிசமாக உயரும். இதே ரோல் கடையில் வாங்கும்போது கனமான உணவாக மாறுவதற்கு இம்மூன்றுமே முக்கியக் காரணங்கள்.

ஹிஸ்டமின்: சமைத்தாலும் நீங்காத நச்சு

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இயல்பாகவே அதிகம். பிடித்த மீனை உடனே குளிர்விக்காவிட்டால், பாக்டீரியாக்கள் அதனை ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளாக மாற்றிவிடும். இந்த மீனை உண்ட சில நிமிடங்கள் முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு, தோலில் தடிப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றலாம். பலர் இதனை மீன் ஒவ்வாமை என்று தவறாக எண்ணிவிடுகின்றனர்.

ஒருமுறை உருவான ஹிஸ்டமின் வேகவைத்தாலும், பொரித்தாலும், உறைய வைத்தாலும் அழிவதில்லை. மீனின் தோற்றமும் மணமும் இயல்பாகவே இருக்கக்கூடும். ஆகவே தடுப்பதற்குரிய ஒரே வழி, பிடித்தது முதல் சமைக்கும் வரை 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதுதான்.

பெங்களூருவுக்கு மங்களூரு, சென்னை போன்ற துறைமுக நகரங்களிலிருந்து மீன் பல மணி நேரம் பயணம் செய்தே வந்து சேர்கிறது. சிவாஜிநகர் ரசல் மார்க்கெட் ஆனாலும், அருகிலுள்ள கடை ஆனாலும், புதிய சூரை வாங்குவோர் மீன் பனிக்கட்டியின் மேல் வெறுமனே வைக்கப்பட்டிருக்கிறதா, பனிக்கட்டியில் புதைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாங்கியதும் பனிக்கட்டியுடன் எடுத்துச் சென்று, தாமதமின்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். உறைந்த மீனைச் சமையல் மேடையில் வைத்து இளக விடாமல், குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயே இளக விட வேண்டும். உண்ணும்போது நாக்கில் மிளகுபோன்ற காரமோ எரிச்சலோ தெரிந்தால் உடனே நிறுத்திவிடுவது பாதுகாப்பானது.

மதிய உணவுப் பெட்டியில் எடுத்துச் செல்லலாமா?

எடுத்துச் செல்லலாம், ஆனால் குளிர்ச்சி குறையாமல். மீன் கலவையை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேலும், 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் வைத்திருக்கக் கூடாது. காலை எட்டு மணிக்குச் சுருட்டிய ரோலை மதியம் ஒரு மணிக்கு உண்பவர்கள், ஐஸ் பேக் வைத்த பையில் எடுத்துச் சென்று அலுவலகக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லது. கலவையைத் தனியாகவும் சப்பாத்தியைத் தனியாகவும் கொண்டு சென்று உண்ணும் நேரத்தில் சுருட்டினால் சுவையும் கெடாது.

டப்பாவில் மீதமுள்ள மீனை அப்படியே வைக்காமல், மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மூன்று நாள்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். உப்பிய, கசியும் அல்லது விளிம்பு நசுங்கிய டப்பாவை வாங்கவே கூடாது. லேபிளில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், காலாவதி தேதி, நீர் வடித்த எடை, சோடியம் அளவு ஆகியவற்றைச் சரிபார்க்கவும். நாளொன்றுக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

கர்ப்பிணிகள், குழந்தைகள்: சூரை இனங்களில் பாதரசம் சேர்கிறது. மீன் பெரிதாகவும் நீண்ட ஆயுள் கொண்டதாகவும் இருந்தால் அளவு கூடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அறிவுரைப்படி, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் வரிச்சூரை முதன்மையாக அடைக்கப்படும் 'லைட்' டூனாவை வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை உண்ணலாம். ஒருமுறைக்கு அளவு சுமார் 113 கிராம். மஞ்சள் துடுப்புச் சூரை, அல்பகோர் ஆகியவை வாரம் ஒருமுறை போதும். பெருங்கண் சூரையைத் தவிர்க்க வேண்டும். குழந்தைகளுக்கு வயதுக்கேற்ப அளவு இன்னும் குறைவாக இருக்க வேண்டும்.

காசநோய்க்கு மருந்து உட்கொள்வோர்: காசநோய்ச் சிகிச்சையில் அளிக்கப்படும் ஐசோனியாசிட் மாத்திரை, உடலில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. இதனால் மற்றவர்களுக்குத் தீங்கு செய்யாத அளவு ஹிஸ்டமின் கூட இவர்களுக்குக் கடுமையான எதிர்விளைவை உண்டாக்கலாம். சிகிச்சை முடியும் வரை சூரை மீனைத் தவிர்ப்பது நல்லது. மீன் உண்டபின் முகச்சிவப்பும் தலைவலியும் ஏற்பட்டால் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

சிறுநீரக நோயாளிகள்: நூறு கிராம் அவகேடோவில் ஏறத்தாழ 485 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது. பொட்டாசியம் கட்டுப்பாட்டில் இருப்போர் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே உண்ண வேண்டும்.

மீன் உண்ணாதவர்களுக்கு

இதே கலவையில் மீனுக்குப் பதிலாக வேகவைத்து லேசாக மசித்த வெள்ளைக் கொண்டைக்கடலை ஒரு கப் சேர்க்கலாம். உதிர்த்த பன்னீரும் பொருந்தும். புரதத்தின் அளவு சற்றுக் குறைந்தாலும், கொண்டைக்கடலையால் நார்ச்சத்து கூடும்.

சுருக்கமாகச் சொன்னால், இந்த ரோலுக்குக் கைத்திறன் தேவையில்லை. வரிச்சூரை டப்பா, பதமாகப் பழுத்த உள்ளூர் வெண்ணெய்ப் பழம், கோதுமைச் சப்பாத்தி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, மீனைக் கடைசி நிமிடம் வரை குளிர்ச்சியில் வைத்திருந்தாலே போதும். பதினைந்து நிமிடத்தில் தயாராகும் உணவு பாதுகாப்பானதாகவும் அமையும்.