கூலிக் கணக்கு காப்பாற்றிய கோட்டை

சியோலில் குடியேறுகிறவர்கள் வார விடுமுறையில் முதலில் பார்ப்பது நகருக்குள்ளேயே இருக்கும் அரண்மனைகளைத்தான். இந்த வாரம் நாம் ஊரைவிட்டு வெளியே போவோம். மெட்ரோவின் முதலாம் தடத்தில் தெற்கே சுமார் ஒரு மணி நேரம் போனால் சுவொன். ரயில் நிலையத்திலிருந்து பஸ் பிடித்தால் பால்தால்முன் என்கிற தெற்கு வாசல். சுற்றிலும் வாகனங்கள் ஓட, நடுவே தன்னந்தனியாக நிற்கிறது. பக்கத்துச் சுவரை இடித்துத்தான் சாலையும் கடைத்தெருவும் வந்திருக்கின்றன. மலைப் பக்கம் கொஞ்சம் ஏறினால் ஹ்வாசொங் கோட்டை மதில் தொடங்கிவிடும்.

இந்தக் கோட்டைக்குப் பின்னால் ஒரு மகனின் துயரம் இருக்கிறது. 1762-இல் மன்னர் யொங்ஜோ தன் சொந்த மகனான இளவரசர் சாதோவை அரிசிப் பெட்டிக்குள் அடைத்துச் சாகவிட்டார். அப்போது சாதோவின் மகன் சிறுவன். அவன்தான் பிறகு மன்னர் ஜொங்ஜோ ஆனான். 1789-இல் தந்தையின் கல்லறையைச் சுவொன் பக்கம் மாற்றினான். 1794-இல் கோட்டை வேலையைத் தொடங்கினான். பத்தாண்டு பிடிக்கும் என்று நினைத்த வேலை 1796-இலேயே முடிந்துவிட்டது.

எப்படி முடிந்தது? ஜொங் யாக்-யொங் என்ற இளம் அறிஞர் கப்பிகளை வைத்துப் பாரந்தூக்கி ஒன்றை வடிவமைத்தார் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது, இங்கே கல் சுமந்தவனுக்குக் கூலி கிடைத்தது என்பது. கட்டாய உழைப்பு வழக்கமாக இருந்த காலம் அது. வெயில் கொளுத்தியபோது வேலையாட்களுக்கு மருந்து உருண்டைகள் கொடுத்தார்கள். விளைச்சல் பொய்த்தபோது மன்னர் வேலையையே சில மாதம் நிறுத்திவைத்தார். குடியானவர் வீடுகள் குறுக்கே வந்த இடத்தில் வீடுகளை இடிக்காமல் மதிலை வளைத்துக் கட்டச் சொன்னார்.

இத்தனையையும் 'ஹ்வாசொங் சொங்யோக் உய்க்வே' என்ற கட்டுமானப் பதிவேடு சொல்கிறது. 1801-இல் அச்சானது. கட்டடங்களின் படங்கள், கல் கணக்கு, ஆணிக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. கல்தச்சர்கள் மட்டும் 642 பேர். அவரவர் பெயர், ஊர், வேலை செய்த நாள், அரை நாளானால் அரை நாள் என்று பதிந்திருக்கிறார்கள். முறையான பெயர் இல்லாத ஏழைகளை ஊரார் 'பெரிய பயல்', 'சின்னப் பயல்' என்று கூப்பிட்டிருப்பார்கள். அந்தப் பெயரும் அப்படியே ஏறியிருக்கிறது. மன்னர்களின் பெயரை எல்லாக் கோட்டையும் வைத்திருக்கிறது. கல் உடைத்தவன் பெயரை இந்த அளவுக்கு வைத்திருக்கும் கோட்டை உலகத்தில் மிகக் குறைவு.

ஜப்பானிய ஆட்சியில் கோட்டையின் சில பகுதிகள் போயின. கொரியப் போரின் குண்டுவீச்சில் வடக்கு வாசலான ஜாங்கான்முன்னின் மாடமும் போயிற்று. 1975-இல் திருப்பிக் கட்டத் தொடங்கியபோது கையில் அந்தப் பதிவேடு இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கட்டினார்கள். புதிதாகக் கட்டியதை யுனெஸ்கோ எளிதில் ஏற்காது. ஆனாலும் 1997-இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மதிலை ஒட்டி நடக்கும்போது குனிந்து பாருங்கள். அடி வரிசைகளில் கறுத்து, முனை மழுங்கிய கற்கள் பழையவை. மேலே வெளுப்பாக, வெட்டு நேராக இருப்பவை மறுபடி வைத்தவை.

முழுச் சுற்று 5.7 கிலோமீட்டர். பால்தால் மலையேற்றம் கொஞ்சம் மூச்சு வாங்கும், மற்றதெல்லாம் சுகமான நடை. வடகிழக்கில் பாங்ஹ்வாசுர்யுஜொங் மண்டபத்துக்குக் கீழே ஒரு குளம். விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள், நீங்களும் உட்காரலாம். நேரமில்லை என்று கோட்டைக்குள் இருக்கும் அரண்மனையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மேற்கு வாசலான ஹ்வாசொமுன் போரிலும் தப்பியது. அதன் கல்லில் கட்டியவர்களின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள், அதை அவசியம் பாருங்கள்.

1800-இல் இறந்த ஜொங்ஜோவின் கல்லறை தந்தையின் கல்லறைக்குப் பக்கத்திலேயே, சுவொனுக்குத் தெற்கே இருக்கிறது. அடுத்த வாரம் அங்கே போவோம்.