வீட்டுக் கணினியில் சேமிப்பும் காப்பும்

முன்பெல்லாம் வீட்டு அலமாரியில் தடித்த புகைப்படத் தொகுப்புகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். தாத்தா பாட்டியின் திருமணம், அம்மாவின் பள்ளி விளையாட்டுப் போட்டி, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு என எல்லா நினைவுகளும் அவற்றுள் ஒட்டப்பட்டிருக்கும். இன்று அந்த அலமாரியின் இடத்தைக் கணினிக்குள் இருக்கும் வன்தட்டு பிடித்துக்கொண்டது. உள்ளங்கை அளவுள்ள ஒரு பெட்டிக்குள் ஒரு குடும்பத்தின் இருபது ஆண்டுக்கால நினைவுகள் அடங்கிவிடுகின்றன. இது பெரும் வசதிதான். ஆனால், அந்தச் சிறு பெட்டி ஒருநாள் இயங்க மறுத்தால் என்ன ஆகும்? மறைந்துபோன பாட்டியின் குரல் பதிவை எந்தக் கடையிலும் விலைகொடுத்து வாங்க முடியாது. எனவே, வீட்டுக் கணினியின் சேமிப்பையும் காப்பு நகல்களையும் முன்கூட்டியே திட்டமிடுவது அவசியமாகும்.

வன்தட்டு ஏன் பழுதாகிறது?

முதல் வணிக வன்தட்டு 1956ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தால் அறிமுகப்படுத்தப்பட்டது. 50 தட்டுகளைக் கொண்ட அதன் எடை ஏறத்தாழ ஒரு டன். அதில் சேமிக்க முடிந்ததோ 50 இலட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று திறன்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அந்த இடத்தை நிரப்பிவிடக்கூடும்.

அளவு சுருங்கிக் கொள்ளளவு பெருகினாலும் வன்தட்டு இயங்கும் முறை பெரிதும் மாறவில்லை. அதற்குள் இருக்கும் காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. தரவைப் படிக்கும் முனை அத்தட்டைத் தொடாமல், தலைமுடியின் தடிமனைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவான இடைவெளியில் மிதக்கிறது. கீழே விழுந்தால், அதிர்ந்தால், மின்சாரம் திடீரென ஏறி இறங்கினால் அந்த நுட்பமான அமைப்புப் பாதிக்கப்படலாம். அசையும் பாகங்கள் இல்லாத திண்மநிலை வட்டு அதிர்ச்சியைத் தாங்கும். ஆயினும், அதன் மின்னணுப் பாகங்களும் என்றேனும் ஒருநாள் செயலிழக்கக்கூடியவையே. ஆகவே, பழுதாகுமா என்று கேட்பதைவிட, பழுதாகும் நாளில் எதை இழப்போம் என்று கேட்பதே பொருத்தமானது.

பல தட்டுகள், ஒரே சேமிப்பகம்

ஒரு வன்தட்டு நிறைந்ததும் இன்னொன்று, அதுவும் நிறைந்ததும் மற்றொன்று என வாங்கிக்கொண்டே போனால், எந்தக் கோப்பு எந்தத் தட்டில் இருக்கிறது என்பதே மறந்துவிடும். இச்சிக்கலைத் தீர்க்கும் வழிகளுள் ஒன்று கூட்டுச் சேமிப்பு ஆகும். இதில் பல வன்தட்டுகள் ஒன்றிணைக்கப்பட்டு, ஒரே பெரிய தட்டாகக் கணினியில் தோன்றும். விலையுயர்ந்த ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாக மலிவான சிறிய தட்டுகள் பலவற்றை இணைத்துப் பயன்படுத்தலாம் என்ற கருத்தை, 1988ஆம் ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் ஆகிய மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினர். அவர்கள் அதற்கு இட்ட பெயரின் சுருக்கமே 'ரெய்டு' என்பதாகும். இன்று விண்டோஸ் இயங்குதளத்திலேயே இத்தகைய வசதி உண்டு.

கூட்டுச் சேமிப்பை மூன்று முறைகளில் அமைக்கலாம்.

முதலாவது, எளிய முறை. 4 டெராபைட் கொள்ளளவுள்ள மூன்று தட்டுகளை இணைத்தால் 12 டெராபைட் இடமும் முழுமையாகக் கிடைக்கும். ஆனால், கோப்புகள் துண்டு துண்டாகப் பிரிந்து எல்லாத் தட்டுகளிலும் பரவியிருக்கும். ஒரு தட்டு பழுதானாலும் மொத்தச் சேமிப்பும் குலைந்துவிடும்.

இரண்டாவது, பிரதிபலிப்பு முறை. இதில் இரண்டு தட்டுகளிலும் ஒரே தரவு ஒரே நேரத்தில் எழுதப்படுகிறது. ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும். ஆனால், 4 டெராபைட் தட்டுகள் இரண்டை வாங்கினாலும் பயன்படுத்தக் கிடைப்பது 4 டெராபைட்தான்.

மூன்றாவது, சரிபார்ப்பு முறை. முதல் தட்டில் 7 என்ற எண்ணும் இரண்டாம் தட்டில் 5 என்ற எண்ணும் இருப்பதாகக் கொள்க. மூன்றாம் தட்டில் அவற்றின் கூட்டுத்தொகையான 12 எழுதப்படுகிறது. முதல் தட்டு பழுதானால், 12இலிருந்து 5ஐக் கழித்து, இழந்த எண் 7 என்று கண்டுபிடித்துவிடலாம். கணினி 0, 1 ஆகிய இலக்கங்களைக் கொண்டு இதைப் போன்ற கணக்கையே செய்கிறது. இம்முறையில் 4 டெராபைட் தட்டுகள் மூன்றில் 8 டெராபைட் இடம் கிடைக்கும்.

இங்குக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. தட்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட, அவற்றுள் ஒன்றேனும் பழுதாகும் வாய்ப்பும் கூடுகிறது. ஒரு தட்டு ஓராண்டுக்குள் பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு 2 என்று வைத்துக்கொண்டால், நான்கு தட்டுகளில் ஒன்றாவது பழுதாகும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 8 ஆகிவிடும். அதனால், எவ்விதப் பாதுகாப்பும் இல்லாத எளிய முறையில் அரிய கோப்புகளை வைப்பது ஆபத்தானது.

கூட்டுச் சேமிப்பு காப்பு நகல் ஆகுமா?

பிரதிபலிப்பு முறையில் எல்லாம் இரண்டாக இருக்கின்றனவே, பிறகு காப்பு நகல் எதற்கு என்று சிலர் எண்ணுவர். அவ்வாறு எண்ணுவது தவறு. பிரதிபலிப்பு முறை தட்டின் பழுதிலிருந்து மட்டுமே காக்கும். மனிதரின் தவற்றிலிருந்து காக்காது. தம்பி தெரியாமல் ஒரு கோப்பை அழித்துவிட்டால், அது இரண்டு தட்டுகளிலிருந்தும் அதே நொடியில் அழிந்துவிடும்.

தீய நிரல்களும் அப்படித்தான். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வான்னாகிரை' என்ற பணயத் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளைத் தாக்கியது. அது கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. இத்தகைய தீநிரல் புகுந்தால், கணினியோடு எப்போதும் இணைந்திருக்கும் தட்டுகள் அனைத்தும் ஒன்றாகவே பாதிக்கப்படலாம்.

இயற்கைப் பேரிடரையும் மறந்துவிடக் கூடாது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சிலாங்கூரில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா போன்ற குடியிருப்புகளில் வீடுகளின் கீழ்த்தளங்கள் நீரில் மூழ்கின. அத்தகைய வெள்ளத்தில் ஒரே மேசையில் இருக்கும் கணினியும் அதன் காப்புத் தட்டும் சேர்ந்தே மூழ்கிவிடும்.

3-2-1 விதி

இந்த ஆபத்துகள் அனைத்தையும் கருத்தில் கொண்ட எளிய விதி ஒன்று உள்ளது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய அவ்விதி '3-2-1' எனப்படுகிறது. முக்கியமான தரவுக்கு மூன்று நகல்கள் இருக்க வேண்டும். அவை இரண்டு வெவ்வேறு வகையான சேமிப்புகளில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இக்கணக்கில் பிரதிபலிப்பு முறையின் இரண்டு தட்டுகளும் ஒரே நகலாகவே கொள்ளப்படும்.

ஒரு குடும்பத்தின் திட்டம்

ஒரு குடும்பத்தில் மொத்தம் 2 டெராபைட் தரவு இருப்பதாகக் கொள்க. அதில் 1.2 டெராபைட் குடும்பப் படங்கள், காணொளிகள், பள்ளிப் பணிகள், ஆவணங்கள் ஆகியவை. எஞ்சிய 0.8 டெராபைட் திரைப்படங்களும் விளையாட்டுகளும். முன்னவற்றை இழந்தால் மீண்டும் பெற முடியாது. பின்னவற்றை மீண்டும் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். ஆகவே, மூன்று நகல்கள் தேவைப்படுவது முதல் வகைக்கு மட்டுமே. இவ்வாறு பிரித்துப் பார்ப்பதே திட்டமிடலின் முதற்படி. செலவையும் அது குறைக்கும்.

அடுத்து, வளர்ச்சியைக் கணக்கிட வேண்டும். ஆண்டுக்கு 0.2 டெராபைட் கூடினால், ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 3 டெராபைட் ஆகும். சற்று இடம் மீதியிருக்க வேண்டுமென்றால், 4 டெராபைட் தட்டுகள் இரண்டைப் பிரதிபலிப்பு முறையில் அமைக்கலாம். வாங்கிய தட்டை விண்டோஸ் கணினியில் இணைத்ததும் ஏறத்தாழ 3.63 என்று காட்டினால் திகைக்க வேண்டியதில்லை. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,024ஆல் பெருக்கிக் கணக்கிடுகிறது. அதுவே வேறுபாட்டுக்குக் காரணம்.

இரண்டாம் நகலுக்குத் தனியாக ஒரு வெளிப்புற வன்தட்டு தேவை. வாரம் ஒருமுறை கணினியில் இணைத்து, நகலெடுத்த பின் கழற்றி வைத்துவிட வேண்டும். கழற்றி வைத்த தட்டைத் தீநிரலால் எட்ட முடியாது.

மூன்றாம் நகலை மேகச் சேமிப்பில் வைக்கலாம். நொடிக்கு 100 மெகாபிட் பதிவேற்ற வேகம் கிடைத்தால், 1.2 டெராபைட்டை அனுப்ப ஏறத்தாழ 27 மணி நேரம் பிடிக்கும். முதல்முறை மட்டுமே இந்தக் காத்திருப்பு. பின்னர் புதிய கோப்புகளை மட்டும் அனுப்பினால் போதும். மேகச் சேமிப்புக்கு மாதக் கட்டணம் செலுத்த இயலாத குடும்பம், இன்னொரு தட்டில் நகலெடுத்து வேறு ஊரில் வசிக்கும் மாமா வீட்டில் கொடுத்து வைக்கலாம். பெருநாள்தோறும் அங்குச் செல்லும்போது அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

சோதிக்காத நகல் நகலன்று

1998ஆம் ஆண்டில் பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' என்ற உயிரோவியப் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அப்போது தவறுதலாக இடப்பட்ட ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் அடுத்தடுத்து அழிந்தன. காப்பு நகலை எடுத்துப் பார்த்தபோது, அது சரியாக வேலை செய்யவில்லை என்பது தெரியவந்தது. அதை யாரும் முன்பே சோதித்துப் பார்க்கவில்லை. குழந்தை பெற்ற பின் வீட்டிலிருந்து பணிபுரிந்த தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மனின் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது. அந்தக் கணினியைப் போர்வைகளில் சுற்றி, மெதுவாகக் காரில் கொண்டுவந்து சேர்த்தனர். அதனால் பல மாத உழைப்பு மீட்கப்பட்டது.

பெரிய நிறுவனத்துக்கே நேர்ந்த இவ்விபத்து இரண்டு பாடங்களைக் கற்பிக்கிறது. முதலாவது, வெளியிடத்தில் இருக்கும் ஒரு நகலின் அருமை. இரண்டாவது, காப்பு நகலை எடுப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை என்பது. மாதம் ஒருமுறையாவது சில கோப்புகளை நகலிலிருந்து மீட்டெடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். தட்டிலிருந்து வழக்கத்திற்கு மாறான 'டிக் டிக்' ஒலி எழுந்தாலோ கோப்புகள் திறக்க மிகவும் தாமதமானாலோ, உடனே நகல்களைச் சரிபார்த்துவிட்டுத் தட்டை மாற்ற வேண்டும்.

ஆண்டுதோறும் மார்ச் 31ஆம் நாள் உலகக் காப்பு நகல் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால், இழப்பு நாள் பார்த்து வருவதில்லை. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. வீட்டில் கணினியை அதிகம் அறிந்தவர்கள் பெரும்பாலும் மாணவர்களே. அவர்கள் ஓர் ஓய்வு நாளில் பெற்றோருடன் அமர்ந்து, இழக்கக் கூடாத கோப்புகள் எவை, அவற்றுக்கு எத்தனை நகல்கள் உள்ளன என்று பட்டியலிட்டால் போதும். அந்தப் பட்டியலே ஒரு குடும்பத்தின் நினைவுகளைக் காக்கும் முதல் அணையாக அமையும்.