தங்கவயல் வட்டாரத்தில் தூண்டில் போடும் காலம்



கோலார் தங்கவயல் என்றவுடன் நமக்குத் தோன்றுவது பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேலாக இறங்கிச் சென்ற சுரங்கங்களே. அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. அவற்றை நம்பி வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்று குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்று மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவு திரும்புகின்றனர். இவர்களுக்கு ஓய்வு என்பது ஞாயிறு ஒன்றே. அந்த ஒரு நாளைத் தூண்டிலோடு ஏரிக்கரையில் கழிக்க விரும்புவோர்க்கு எந்த ஞாயிறு ஏற்றது என்ற கேள்வி சிறியதன்று. அதற்கு விடை காணவே இன்று முற்படுகிறோம்.

முதலில் ஊரின் நீர்நிலையை அறிந்துகொள்வோம். கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. நந்திமலைப் பகுதியிலிருந்து பாலாறும் இரு பெண்ணையாறுகளும் புறப்படுகின்றன என்பது பெருமைதான். ஆனால் அவை மழைக்கு ஓடி வெயிலுக்கு மணலாகும் ஆறுகள். பாலாற்று நீரைத் தேக்கி வைத்திருக்கும் பேத்தமங்கலம் ஏரியே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் தங்கவயலுக்குக் குடிநீர் தந்தது. அதற்கும் கீழே இராமசாகரம் உண்டு. ஆகவே தங்கவயலில் ஆற்று மீன் என்பது பெரும்பாலும் ஏரி மீனே. மழைக்காலத்தில் சில வாரங்கள் மட்டுமே ஆறும் ஏரியும் ஒன்றாகின்றன. இந்த உண்மையை மறந்து காவிரிக்கரையின் கணக்கை இங்கே போட்டால் தூண்டில் காய்ந்துபோகும்.

மீனின் பசி எதைப் பொறுத்தது? பஞ்சாங்கத்தைக் காட்டிலும் நீரின் வெப்பத்தையும் நீரில் கரைந்துள்ள உயிர்வளியையும் பொறுத்தது என்க. மீன் குளிர்ந்த இரத்தமுடைய உயிர். நீர் வெதுவெதுப்பானால் அதற்குப் பசி மிகும், குளிர்ந்தால் மந்தமாகும். ஆனால் வெப்பம் ஏற ஏற நீர் உயிர்வளியை இழக்கிறது. கடல் மட்டத்தில், 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்கக் கூடும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைகிறது. தங்கவயல் கடல் மட்டத்திற்கு மேல் எண்ணூறு மீட்டருக்கும் உயர்ந்த மேட்டுநிலம். ஆதலின் இந்த அளவிலும் சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். பசி மிகுந்தும் மூச்சு முட்டும் நிலைதான் பங்குனி, சித்திரையில் ஏரி மீன்களுக்கு நேர்வது. அப்போது அவை நண்பகலில் மதகை அடுத்த ஆழத்திலும், ஏரிக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய ஆற்றுக்காலிலும் ஒதுங்கிவிடுகின்றன. நண்பகலில் கரையோரம் தூண்டில் போட்டு வெயில் காய்வதில் பயனில்லை. பொழுது சாயும் நேரமே நல்லது.

விடியற்காலை எப்போதும் சிறந்தது என்று கூறுவோர்க்கு ஒரு சொல். பாசி படர்ந்து பச்சை நிறங்கொண்ட ஏரியில் பகலெல்லாம் பாசி உயிர்வளியை ஈனுகிறது. இரவெல்லாம் அதுவும் மீனைப் போலவே மூச்சு வாங்குகிறது. எனவே அத்தகைய ஏரியில் உயிர்வளி மிகக் குறைந்திருப்பது விடியலுக்குச் சற்று முன்னர். அந்நேரத்தில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து திறந்து மூடுவதைக் கண்டு, இரை தேடுகின்றன என மகிழ்கிறோம். உண்மையில் அவை மூச்சுக்குத் திணறுகின்றன. எவ்வளவு நல்ல இரையானாலும் தொடமாட்டா. தெளிந்த நீருள்ள ஏரிக்கு விடியலும், பச்சை ஏரிக்கு வெயில் ஏறி இரண்டு மணி நேரம் கழிந்த பின்னரும் உகந்தவை. விரால் மட்டும் இக்கணக்கிற்கு விலக்கு. அது காற்றையே நேராக உட்கொள்ளவல்லது.

மார்கழி, தை மாதங்களில் கோலாரின் இரவுக் குளிர் நீரையும் குளிர்விக்கிறது. அப்போது கரையோர ஆழமற்ற நீர் வெயிலில் சூடேறும் பத்து மணிக்கு மேல் சென்றால் போதும். விடியலில் எழுந்து நடுங்குவானேன்?

இனிக் காற்று. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று நாள்தோறும் வீசும்போது மேல்நீரும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களும் வடகிழக்குக் கரையை நோக்கித் தள்ளப்படுகின்றன. இரை சேரும் இடத்தில் மீனும் சேரும். காற்று முகத்தில் அடிக்கும் கரையில் தக்கை நிலைகொள்ளாது. ஈயக்குண்டைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். வசதிக்காகக் காற்று மறைவில் உட்காருவோர் மீனுக்கு முதுகு காட்டி உட்காருகிறார்கள்.

காற்றழுத்தம் பற்றி இப்போது பலரும் பேசுகின்றனர். கைப்பேசியிலேயே அது தெரிகிறது. நம் நாட்டில் ஒவ்வொரு நாளும் காலை பத்து மணியளவில் அழுத்தம் கூடி, மாலை நான்கு மணியளவில் மூன்று நான்கு மில்லிபார் இறங்குவது இயற்கை. நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்கினாலோ அழுத்தம் ஏறத்தாழ நூறு மில்லிபார் கூடுகிறது. நாளெல்லாம் நேரும் காற்றழுத்த மாற்றத்தை நான்கு விரற்கடை மேலோ கீழோ நகர்ந்தே மீன் ஈடுசெய்துவிடலாம். ஆகவே மழைக்கு முன் மீன் நன்றாகக் கடிக்கிறது என்பது மெய்யாயினும் அதற்குக் காரணம் அழுத்தத்தைவிட மேகமூட்டமும், கண்கூசாத வெளிச்சமும், கலங்கும் நீருமே என்று கொள்வது பொருத்தம்.

இனி, நேயர்கள் காத்திருக்கும் சந்திரனுக்கு வருவோம். கடலைப் பொங்கச் செய்யும் சந்திரன் ஏரியையும் அசைக்காதா என்று கேட்கலாம். அமெரிக்காவின் பேரேரிகள் கடலை ஒத்தவை; அவற்றிலேயே ஓத ஏற்றம் ஐந்து சென்டிமீட்டரை எட்டுவதில்லை. பேத்தமங்கலத்தில் அது அளவிடற்கரியது. ஜான் ஆல்டன் நைட் என்னும் அமெரிக்கர் 1926-இல், சந்திரனும் சூரியனும் நிற்கும் நிலையைக் கொண்டு மீன் இரை எடுக்கும் நேரத்தைக் கணிக்கலாம் என ஒரு கொள்கை வகுத்தார். இன்று கைப்பேசியில் காணும் 'நல்ல நேர' அட்டவணைகள் அதன் வழித்தோன்றல்களே. அவற்றை நம்பி விடுப்பு எடுப்பது நம் கருத்தில் வீண்.

ஆயினும் நிலவின் ஒளி வேறு, நிலவின் ஈர்ப்பு வேறு. ஒளிக்கு மெய்யாகவே வேலை உண்டு. அமாவாசை இருளில் வலை மீனின் கண்ணுக்குப் புலப்படாது, பௌர்ணமியில் புலப்படும். வலைஞர் வழக்கு இதனாலேயே எழுந்தது. ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா ஏரியில் விளக்கு ஏற்றி மீனை ஈர்ப்போர், முழுநிலவு நாள்களில் விளக்குக்கு மீன் வாராமையின் தொழிலை நிறுத்தி வைப்பர். மொசாம்பிக் நாட்டின் கஹோரா பாசா நீர்த்தேக்கத்தில் கிளிவிச் என்னும் போலந்து அறிஞர் கண்டு 1986-இல் வெளியிட்ட செய்தி இன்னும் சுவையானது. நுண்ணுயிர்கள் இருட்டியதும் மேல்நீருக்கு வருகின்றன. பௌர்ணமி கழிந்த சில நாள்களில் பொழுது சாய்ந்து சிறிது நேரம் இருள். பின் திடீரென நிலவு எழுகிறது. இருளை நம்பி மேலே வந்தவை நிலவொளியில் அகப்பட்டுக்கொள்ள, சிறு மீன்கள் அவற்றை வாரி உண்கின்றன. நிலவு நாளுக்கு ஐம்பது நிமிடம் அளவில் தாழ்ந்து எழுவதால் விளைவது இது. சங்கடஹர சதுர்த்தியன்று நிலவு எழும்வரை காத்திருக்கும் நம் வீட்டுப் பெண்டிர்க்கு இக்கணக்கு நன்கு தெரியும்.

எனவே இரவில் மீன் பிடிப்போர் திதியைப் பார்க்கலாம். தேய்பிறையின் முதல் நாலைந்து நாள்களில் நிலவு எழும் வேளையைத் தேர்ந்து பார்க்கலாம். கோலார் ஏரிகளிலும் அவ்வாறே நிகழும் என்று உறுதி கூற இயலாது. முயன்று குறித்து வைத்துக்கொள்வதே முறை. பகலில் தூண்டில் போடுவோர்க்குத் திதி தேவையில்லை.

இரையைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. கோலார்ச் சீமையில் கேழ்வரகுக் களிக்குப் பஞ்சமில்லை. அதனோடு கடலைப் பிண்ணாக்கைப் பிசைந்த உருண்டை ரோகுவுக்கும் மிருகாலுக்கும் போதும். நீர் கலங்கினால் மண்புழு. அப்போது மீன் கண்ணால் அன்று, மோப்பத்தால் இரை தேடுகிறது. கெளுத்திக்கு அதுவே காலம்.

இவ்வளவும் எப்போது பிடிப்பது என்பது பற்றி. எப்போது பிடிக்கலாகாது என்பது அதனினும் பெரிது. கோடை வறட்சிக்குப் பின் பாலாற்றில் புதுவெள்ளம் இறங்கும்போது கெண்டையும் கெளுத்தியும் சினை முற்றிய வயிற்றோடு வெள்ளத்தை எதிர்த்து ஓடைகளில் ஏறுகின்றன. முழங்கால் நீரில் அவற்றைக் கூடையாலும் வாரலாம்; பரி வைத்தும் அள்ளலாம். ஆண்டில் மிக எளிதாக மீன் கிடைக்கும் நாள் அதுவே. ஊரே திரண்டு போகும். ஓர் ஓடையில் அன்று அகப்படும் ஒவ்வொரு தாய் மீனோடும் ஆயிரக்கணக்கான முட்டைகள் போகின்றன. ஆண்டு முழுதும் ஓடும் ஆற்றில் இவ்விழப்பை மேலிருந்தும் கீழிருந்தும் வரும் மீன்கள் ஈடுசெய்யும். வற்றி வற்றி நிறையும் பாலாற்றில் அந்த ஈடு எங்கிருந்து வரும்? புதுவெள்ளம் வந்த முதல் இரண்டு வாரம் ஓடைகளை விட்டுவிடுவதே நம் பரிந்துரை. செந்நிறக் குஞ்சுகள் பந்துபோல் திரண்டு மிதக்கும் இடத்தில் கீழே தாய் விராலும் தந்தை விராலும் காவல் நிற்கும். அங்கும் தூண்டில் வேண்டாம். காவல் போனால் குஞ்சுகள் ஒரே நாளில் பிற மீன்களுக்கு இரையாகும்.

கட்லா, ரோகு, மிருகால் ஆகியவற்றின் கதை வேறு. கங்கைச் சமவெளியைச் சேர்ந்த இவை தேங்கிய நீரில் தாமாக இனம் பெருக்கா. 1957 ஜூலை 10-இல் ஹீராலால் சௌதுரியும் அலிக்குன்ஹியும் ஊசி வழியே இவற்றை முட்டையிடச் செய்து வெற்றி கண்டனர். அதன் பின்னரே நம் ஏரிகளுக்குக் குஞ்சுகள் தாராளமாகக் கிடைத்தன. ஆகவே ஏரிக் கட்லா பெரும்பாலும் ஒருவர் காசு கொடுத்து வாங்கி விட்ட மீன். ஏரியைக் குத்தகை எடுத்தவரின் இசைவு பெற்றே தூண்டில் போட வேண்டும்.

2018 ஜூன் முதல் பெங்களூரின் கழிவுநீர் இரண்டாம் நிலை வரை சுத்திகரிக்கப்பட்டுக் கோலார் மாவட்ட ஏரிகள் பலவற்றிற்கு அனுப்பப்படுகிறது. நுரை பற்றிய முறையீடு நீதிமன்றம் வரை சென்றது. மீன் பிடிப்போர்க்கு இதில் ஒரு புதுமை உண்டு: மழையின்றியே ஏரி நிறைகிறது. நீர் உண்டு, வெள்ளம் இல்லை. எனவே மீன் ஏறுவதும் இல்லை. சத்து மிகுந்த அந்நீரில் பாசி பெருகுமாதலின் மேலே கூறிய பச்சை ஏரிக் கணக்கையே அங்கே கைக்கொள்க.

சயனைடு மேடுகளின் அடிவாரத்தில் மழைநீர் தேங்கிய குட்டைகளில் எக்காலத்தும் மீன் பிடித்து உண்ணலாகாது. பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு அங்கே குவிந்து கிடக்கிறது. மழை அதை அரித்துத் தாழ்நிலத்திற்குக் கொண்டு சேர்க்கிறது. 2021 நவம்பரில் பாலாறு பெருகியதை நேயர்கள் அறிவர். அத்தகைய நாளில் கலங்கல் வழியே நீர் வழியும்போது அதன் மேல் நின்று தூண்டில் வீசுவதும் தகாது. பாசி வழுக்கும், காலைப் பறித்த வெள்ளம் திருப்பித் தராது. இடி முழங்கினால் நீண்ட கழியைத் தரையில் கிடத்திவிட்டு, மரத்தடியை நாடாமல் வீட்டையோ வண்டியையோ நாடுக.

தில்லியிலும் பம்பாயிலும் வாழும் நேயர்கள் இக்கணக்கைத் தம் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே ஐப்பசி மழை இல்லை. வெள்ளம் ஆடி, ஆவணியோடு முடிந்துவிடும். தில்லியின் தைக் குளிரில் கெண்டை ஏறக்குறைய உறங்கும். தங்கவயலுக்கோ புரட்டாசி, ஐப்பசி மழையே பெரிது. அந்த வெள்ளம் வடிந்து நீர் தெளியத் தொடங்கும் கார்த்திகை ஞாயிறுகளில், வெயில் ஏறிய பின், ஓடை ஏரியில் கலக்கும் வாய்க்கு ஐம்பது அடி தள்ளி உட்காருங்கள்.