அடக்கிய தீயும் அடுக்கிய செங்கல்லும்

குளிர்நாடுகளில் விறகு எரித்து வீட்டைச் சூடாக்குகிறவர்களிடம் ஒரு பழக்கம் தலைமுறைகளாக இருந்துவருகிறது. இரவு படுக்கப்போகுமுன் கணப்பு அடுப்பின் வயிறு நிறையப் பெரிய கட்டைகளாகத் திணிப்பார்கள். கட்டைகள் பற்றிக்கொண்டதும், காற்று நுழையும் துவாரத்தை மயிரிழை அளவுக்கு விட்டு மூடிவிடுவார்கள். சுடர் அடங்கிவிடும், கட்டைகள் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும், விடியும்வரை தணல் தாங்கும். ஒரு சுமை விறகு ஒரு மணி நேரத்தில் சடசடவென்று எரிந்து தீர்வதைவிட, எட்டு மணி நேரம் மெல்லக் கனல்வது சிக்கனம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வெளியே மைனஸ் 20 டிகிரி அடிக்கும்போது அந்த எண்ணத்தைக் குறைசொல்லவும் மனம் வராது. ஆனால் விறகு எப்படி எரிகிறது என்று பார்த்தால், மிச்சம் பிடித்ததாக அவர்கள் நினைக்கும் விறகில் கணிசமான பங்கு எரியாமலே புகைபோக்கி வழியாகப் போயிருப்பது தெரியும். தீயை அடக்கி வைப்பதில் சிக்கனம் இல்லை. அதைக் கொழுந்துவிட்டு எரியவிட்டு, அந்தச் சூட்டை வேறொன்றில் பிடித்துவைப்பதில்தான் இருக்கிறது.

கட்டை நேராக எரிவதில்லை. சூடு ஏறியதும் முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகும். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மரம் சிதையத் தொடங்கி வாயுக்களைக் கக்கும். காய்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இப்படி வாயுவாகிவிடக்கூடியது, எஞ்சுவது கரி. நாம் சுடராகக் காண்பது வாயு எரிவதை, தணலாகக் காண்பது கரி எரிவதை. விறகின் ஆற்றலில் பாதிக்கு மேல் அந்த வாயுக்களில்தான் இருக்கிறது. அவை முழுதாக எரிய ஏறக்குறைய 600 டிகிரி வெப்பமும் போதுமான காற்றும் வேண்டும். காற்றைக் குறைத்தால் வெப்பம் இறங்கும். ஆனால் மரம் சிதைவது நிற்காது, அதற்கு 300 டிகிரி போதும். ஆக வாயு வந்துகொண்டே இருக்கும், அது எரிய வழிதான் இருக்காது. புகை என்பது பெரும்பாலும் இந்த எரியாத எரிபொருளே. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சீமைக்கருவேலங் கட்டைகளை அடுக்கி, மண் போட்டு மூடி, காற்றுக்குச் சில துளைகள் மட்டும் விட்டு நாள்கணக்கில் கனலவிட்டால் கரி கிடைக்கிறது. மூட்டம் போடுகிறவருக்கு வேண்டியது கரி. வாயு போனால் அவருக்கு என்ன? காற்றை அடைத்த கணப்பு அடுப்பும் இரவெல்லாம் அதே வேலையைத்தான் செய்கிறது. வீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்கிய சூட்டில் பாதி எந்த வாயுவில் இருக்கிறதோ, அதைத்தான் வெளியே விடுகிறது.

போகிற வாயு சும்மாவும் போவதில்லை. புகைபோக்கியில் ஏறும்போது குளிர்ந்து, உட்சுவரில் தாராகப் படிகிறது. கிரியோசோட் என்று அதற்குப் பெயர். ஒரு குளிர்காலம் முழுக்க அடுப்பை அடக்கியே எரித்தால் அது விரற்கடைத் தடிப்புக்குக்கூட ஏறிவிடும். பிறகு ஒருநாள் அடுப்பு நன்றாகப் பற்றி எரியும்போது ஒரு பொறி மேலே போனால் போதும், புகைபோக்கியே பற்றிக்கொள்ளும். உள்ளே வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டலாம். செங்கல் விரிசல் விடும், கூரை உத்தரத்துக்குத் தீ தாவும். பழி என்னவோ அன்று பெரிதாக எரித்தவர்மேல் விழும். எரிபொருளைச் சேர்த்துவைத்தது அதற்கு முன் போன அடங்கிய இரவுகள்.

ஈர விறகின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 20 சதவீதம் ஈரமுள்ள, நன்கு உலர்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் இருக்கிறது. அப்போதுதான் வெட்டிய மரத்தில் எடையில் பாதி தண்ணீராக இருக்கலாம். அப்படிப்பட்ட 10 கிலோ கட்டையை அடுப்பில் வைத்தால், அதிலுள்ள 5 கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க மூன்றரை யூனிட் போகும். மீதி 5 கிலோ மரம் தரக்கூடியது 25 யூனிட் போல. ஏழில் ஒரு பங்குதானே நட்டம் என்று கணக்குப் போட்டு ஆறுதல் கொள்ளலாம். உண்மையான நட்டம் இந்தக் கணக்கில் வராது. ஆவியாகும் நீர் தீயின் சூட்டைக் குடித்து, வாயு எரியத் தேவையான 600 டிகிரியை எட்டவிடாமல் செய்கிறது. பச்சை விறகை வைத்துவிட்டு ஊதுகுழலோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அனுபவித்தது இதைத்தான். காற்றை மூடியும் தீயை அடக்கலாம், ஈரத்தை வைத்தும் அடக்கலாம், விளைவு ஒன்று. இதனால்தான் நார்வேயில் குளிர்கால விறகு வேலை முந்தைய குளிர்காலத்தின் கடைசியிலேயே தொடங்குகிறது. மரத்தில் சாறு ஏறுமுன் வெட்டி, வசந்தத்துக்குள் பிளந்து, கோடைக் காற்று ஊடாடும்படி அடுக்கிவிடுகிறார்கள். இந்த அடுக்குகளை அந்த நாட்டார் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு ஒரு சான்று போதும். 2013 பிப்ரவரியில் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி விறகைப் பற்றி 12 மணி நேரம் நிகழ்ச்சி நடத்தியது. அதில் பெரும்பகுதி ஒரு கணப்பில் நெருப்பு எரிவதை அப்படியே காட்டியது. பார்த்தவர்களில் ஒரு சாரார் மரப்பட்டை மேலே பார்க்க அடுக்கியது தவறு என்றும், இன்னொரு சாரார் கீழே பார்க்க அடுக்கியது தவறு என்றும் புகார் செய்தார்கள்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காற்றைத் திறந்துவிட்டால் தீ பெரிதாக எரியும், சரி. ஆனால் சூடான காற்று வேகமாகப் புகைபோக்கியில் ஏறி வெளியேறிவிடுமே? வீட்டில் தங்க வேண்டிய சூட்டை வானத்துக்கு அனுப்புவதாகாதா? மறுப்பில் பாதி சரி. அடுப்பு செய்ய வேண்டிய வேலை இரண்டு: விறகிலிருந்து சூட்டை முழுதாக வெளிக்கொணர்வது, வெளிவந்த சூட்டை அறைக்குள் நிறுத்துவது. காற்றை அடைத்தால் வாயு மெதுவாக நகர்வதால் இரண்டாவது வேலை நன்றாக நடக்கும், முதல் வேலை கெடும். திறந்துவிட்டால் நேர்மாறு. ஊட்டியில் வெள்ளைக்காரர் கட்டிய பங்களாக்களில் இருக்கும் திறந்த கணப்புகள் இந்தக் கோளாற்றின் உச்சம்: தீ பளபளவென்று எரியும், சூட்டில் பத்தில் ஒன்றோ சற்று அதிகமோதான் அறைக்குக் கிட்டும். அடக்கி எரிப்பவர்கள் கண்ணால் கண்டதை வைத்தே அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புகைபோக்கியைத் தொட்டால் சூடு குறைவாக இருக்கிறது, விறகு நெடுநேரம் வருகிறது. எரியாமல் போன வாயு மட்டும் கைக்கும் தெரியாது, கடிகாரத்துக்கும் தெரியாது.

அமெரிக்கா இதை ஒரு நாடு முழுக்கச் சோதித்துப் பார்த்தது என்றே சொல்லலாம். 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் மெய்ன், வெர்மான்ட் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் மக்கள் மறுபடியும் விறகுக்குத் திரும்பினார்கள். அப்போது சந்தையில் கொடிகட்டிப் பறந்தவை காற்றுப்புகாக் கணப்பு அடுப்புகள். இரும்புத் தகட்டால் செய்து, இடுக்கெல்லாம் அடைத்து, ஒரே துவாரத்தைத் திருகிக் காற்றைக் கட்டுப்படுத்தும் அமைப்பு. ஒருமுறை விறகு போட்டால் இரவு முழுக்க வரும் என்பதுதான் அவற்றின் விற்பனைப் பெருமை. விளைவாகப் புகைபோக்கித் தீ விபத்துகள் பெருகின, பள்ளத்தாக்கு ஊர்களில் குளிர்காலம் முழுக்கப் புகை மண்டியது. 1983இல் ஒரேகான் மாநிலம் முதலில் சட்டம் கொண்டுவந்தது. 1988இல் நாடு முழுமைக்கும் விதி வந்தது. பழைய அடுப்புகள் மணிக்கு 15 முதல் 30 கிராம் வரை புகைத்துகள் விட்டன. 2020 முதல் விற்கும் அடுப்புகளுக்கு வரம்பு ஏறத்தாழ 2 கிராம். இந்த இறக்கம் தீயை மேலும் அடக்கியதால் வந்ததல்ல. எரியறையைச் சூட்டைத் தாங்கும் செங்கல்லால் சுற்றி, மேற்புறம் தனியாகச் சூடான காற்றைப் பாய்ச்சி, வாயுவை அங்கேயே எரியவைத்ததால் வந்தது.

ஆனால் இரண்டு வேலைகளையும் பிரித்துக் கொடுத்தால் இந்தச் சிக்கலே எழாது என்பதை ஸ்வீடன் இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டது. 18ஆம் நூற்றாண்டில் அந்நாட்டின் இரும்பு, செம்பு உலைகள் காடுகளைக் கரியாக்கி விழுங்கிக்கொண்டிருந்தன. விறகுத் தட்டுப்பாடு அரசாங்கக் கவலையாகிவிட்டது. கட்டடக் கலைஞர் கார்ல் யோஹான் க்ரோன்ஸ்டெட், ஃபாபியன் வ்ரேடே இருவரும் 1767இல் ஒரு புதிய அடுப்பு வடிவத்தை வெளியிட்டார்கள். வெளியே பார்த்தால் ஆளுயரத்துக்கும் மேலான ஓட்டுத் தூண். உள்ளே புகை நேராக மேலே போகாமல், செங்கல் வழிகளில் ஏறி இறங்கி மறுபடி ஏறி வெளியேறும். அடிப்பக்கத்தில் தீ காற்றோடு முழுவீச்சில் ஒன்றிரண்டு மணி நேரம் எரியும். அது ஈன்ற சூட்டைச் செங்கல் வாங்கிக்கொண்டு பிறகு மெல்ல மெல்ல விடும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மூட்டினால் போதும். ஒரு டன் செங்கல் 50 டிகிரி குளிரும்போது ஏறத்தாழ 12 யூனிட் வெப்பத்தை விடும். 1,000 வாட் ஹீட்டரை 12 மணி நேரம் ஓடவிட்டதற்கு அது சமம், அதற்கு வேண்டியது நாலு கிலோ உலர்ந்த விறகு. ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷ்யா எங்கும் இதன் உறவினர்கள் உண்டு. கிழக்கு ஃபின்லாந்தில் இதையே மாக்கல்லால் கட்டுகிறார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் கல்சட்டியில் குழம்பு தளதளவென்று கொதிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லின் குணம் புதிதல்ல.

ஒரு டன் எடையைத் தாங்கும் தரை எல்லா வீட்டிலும் இருக்காது, அதைக் கட்டும் கொத்தனாரும் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார். குளிர்ந்துபோன செங்கல் தூணைச் சூடேற்ற நேரமாகும் என்பதும் மெய். வாரக்கடைசியில் மட்டும் போய்த் தங்கும் மலைவீட்டுக்கு அது உதவாது. சாதாரண இரும்பு அடுப்பு வைத்திருப்பவருக்கு மிஞ்சும் வழி, ஒரே தடவை நிறையப் போட்டு அடக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சுடரோடு எரிப்பது. பெரிய கட்டைகளை அடியிலும் சுள்ளியை மேலேயும் வைத்து உச்சியில் பற்றவைத்தால், கீழேயிருந்து கிளம்பும் வாயு சுடருக்குள் புகுந்தே மேலே போயாக வேண்டும். ஸ்விட்சர்லாந்திலும் நார்வேயிலும் இன்று இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நடுநிசியில் எழுந்து விறகு போடச் சொன்னால் யார் கேட்பார்கள் என்ற கேள்விக்கு இதில் முழு விடை இல்லை. சுவரிலும் கூரையிலும் குளிர்காப்பு நன்றாக உள்ள வீட்டில் இரவுத் தீ இல்லாமலே சமாளிக்கலாம். அலாஸ்காவின் மைனஸ் 40 டிகிரியில் பழைய மரவீட்டில் முடியாது. அங்கே பிளாட்டினம், பல்லேடியம் பூசிய வினையூக்கித் தேன்கூடு வைத்த அடுப்புகள் கைகொடுக்கின்றன. அந்தத் தேன்கூட்டில் புகை ஏறக்குறைய 260 டிகிரியிலேயே எரியத் தொடங்குவதால், தீயை அடக்கியும் வாயுவை வீணாக்காமல் இருக்கலாம். இது என் வாதத்துக்கு உண்மையான விதிவிலக்கு. ஆனாலும் அங்கே சிக்கனம் வருவது அடக்கியதால் அல்ல, வாயுவை எரித்ததால்.

எவ்வளவு நன்றாக எரித்தாலும் புகை புகைதானே என்ற ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. மொன்டானாவின் லிபி என்ற மலையூரில் 2005 முதல் 2007 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய அடுப்புகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்தபோது குளிர்கால நுண்துகள் மாசு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. நல்ல பலன்தான், மீதி 70 சதவீதம் அப்படியே இருந்தது. டாஸ்மேனியாவின் லான்செஸ்டன் நகரம் 2001இல் தொடங்கி வேறு வழி எடுத்தது: விறகை விட்டு மின்சாரத்துக்கு மாறச் சொல்லிப் பண உதவி செய்தது. விறகடுப்பு வைத்திருந்த வீடுகள் 66 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாயின. குளிர்காலத் துகள் மாசு கனமீட்டருக்கு 44 மைக்ரோகிராமிலிருந்து 27ஆக இறங்கியது. ஆண்களிடையே மூச்சுநோயால் ஏற்பட்ட இறப்புகளும் குறைந்ததை ஆய்வாளர்கள் பின்னர் பதிவுசெய்தார்கள். இரண்டும் மலைசூழ் கிண்ணம்போன்ற ஊர்கள். குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று அடியில் தங்கிப் புகையை மேலே விடாது. அப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்கு வீடு விறகு எரிப்பதற்குச் சரியான முறை என்று ஒன்று இல்லை. தள்ளித் தள்ளி வீடுகள் உள்ள, காட்டோரத்து நாட்டுப்புறத்தில் இருக்கிறது. அங்கேயும் புகைபோக்கியின் வாயைப் பார்த்தே அடுப்பை எடைபோடலாம்: நன்றாக எரியும் அடுப்பில் மேலே வெறும் வெப்ப அலைதான் நெளியும்.

ஸ்வீடனின் ஓட்டு அடுப்பிலும் புகைவழியை அடைக்க ஒரு தகடு இருக்கிறது. தீ முடிந்த பிறகு அதை மூடாவிட்டால், செங்கல் பிடித்துவைத்த சூட்டை வெளிக்காற்று உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அதை இழுக்கும் நேரத்தில்தான் கவனம் வேண்டும். தணலின்மேல் நீலச் சுடர் ஆடிக்கொண்டிருந்தால், கரியிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது மூடினால் மணமோ நிறமோ இல்லாத அந்த நச்சு அறைக்குள் திரும்பி, உறங்குகிறவர்களை எழவிடாமல் செய்யும். அதனால் சாம்பலைக் கிளறிப் பார்த்து, நீலம் ஒரு துளியும் இல்லை, செந்தணலும் அவிந்துவிட்டது என்று உறுதிசெய்த பிறகே தகட்டைத் தள்ளுவார்கள். அந்த நேரத்தில் அடுப்புக்குள் எரிய எதுவும் மிச்சமிருக்காது. தூணைத் தொட்டால் வெதுவெதுப்பு அப்போதுதான் வெளிப்பக்கம் எட்டியிருக்கும்.